கிளிக் சத்தம் டேப்பிலா, கணினியிலா? டாட் டேப்புகளைக் கணினிக்கு ஏற்றிய அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அங்கிள் ஒருவரிடம் ஒரு ஷூ பெட்டி நிறைய டாட் டேப்புகள் இருந்தன. எல்லாம் தொண்ணூறுகளில் கோயில் திருவிழாக்களில் எடுத்தவை. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து வாசித்த நாதஸ்வர, தவில் வித்வான்களின் கச்சேரிகள். அங்கிள் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். ஓவர்டைம் பணம் முழுக்க மைக்குக்கும் டேப்புக்கும்தான் போனது என்று ஆண்ட்டி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இரண்டு டேப்பை ஒரு கடையில் கொடுத்து ஏற்கெனவே சிடியாக மாற்றியிருந்தார். ஒரு சிடியில் நாதஸ்வரம் சுருதி இறங்கிப் போய் சோம்பலாக ஒலித்தது. இன்னொன்றில் நொடிக்கு ஒரு தடவை மாதிரி 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். "டேப்பு பழசாயிருச்சு, இனிமே ஒன்னும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்றார். அந்த 'டிக்'கைக் கேட்டவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டேப் கெட்டால் இவ்வளவு ஒழுங்காகத் தாளம் போடாது.

முதலில் ஒரு விஷயம். டாட் என்பது கேசட் மாதிரி தெரிந்தாலும் கேசட் இல்லை. 1987-இல் வந்த 'டிஜிட்டல் ஆடியோ டேப்' அது. 3.81 மில்லிமீட்டர் அகல டேப்பில் ஒலி 16 பிட் எண்களாகப் பதிந்திருக்கும். பெரும்பாலும் நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியை அத்தனை தடவை அளந்து குறித்த எண்கள். ஆகவே அதைக் கணினிக்குக் கொண்டுவருவது மறுபடி ரெக்கார்டிங் செய்வது ஆகாது, எண்களைப் பிரதி எடுப்பதுதான். டேப்பை ஓட்டும் கருவியான டெக்கின் டிஜிட்டல் அவுட்டிலிருந்து எடுத்தால் வால்யூம் ஏற்ற வேண்டியதில்லை, இறக்க வேண்டியதில்லை. ஒரு எண்கூட மாறாமல் வர வேண்டும். மாறியிருந்தால் எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கவும் முடியும். இந்த வசதி சாதாரண கேசட்டுக்குக் கிடையாது.

சுருதி இறங்கிய சிடியின் கணக்கு எளிது. 48,000 சாம்பிளாக வந்த எண்களை, சிடிக்குரிய 44,100 என்று முத்திரை குத்திச் சேமித்துவிட்டால், ஒரு மணி நேரக் கச்சேரி 65 நிமிடம் 18 விநாடி ஓடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் இறங்கும். இரண்டு கட்டை நாதஸ்வரம் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கும். எந்த ஆர்மோனியத்திலும் அந்தச் சுருதி இல்லை. அங்கிளுக்கு சாம்பிள் கணக்கு தெரியாது. ஆனால் "இந்த ஆளு இப்படி ஊத மாட்டாரே" என்று முதல் பிடியிலேயே சொல்லியிருந்தார். கடைக்காரர் காதில் ஏறவில்லை.

இனி வேலைக்கு வருவோம். டெக் அங்கிளுடையதுதான், அலமாரியில் பல வருஷமாகச் சும்மா இருந்தது. சோனி டாட் கருவிகள் செய்வதை 2005-இல் நிறுத்திவிட்டது. இருப்பதைக் காப்பாற்றித்தான் ஓட்ட வேண்டும். டெக்கைத் திறந்து, டேப்பைப் படிக்கும் தலைகள் இருக்கும் உருளையைத் துடைத்தேன். இதற்குப் பஞ்சு சுற்றிய குச்சி ஆகவே ஆகாது, நார் தலையில் மாட்டிக்கொள்ளும். மான்தோல் ஒட்டிய குச்சியில் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு, குச்சியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு உருளையை மட்டும் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்து போகும், அப்புறம் டெக்கையே மறந்துவிடலாம். ஆல்கஹாலும் குச்சியும் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைத்தன.

நம்ம ஊர் ஈரப்பதம் டாட்டுக்குப் பரம எதிரி. ஏர்கான் அறையில் குளிர்ந்திருந்த டெக்கை வெளியே ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்தால், உருளையில் வேர்வை மாதிரி நீர் படியும். டெக்கில் அதற்கென்றே சென்சார் இருக்கிறது. 'டியூ' என்று விளக்கு எரிந்து, டேப்பை ஓட்ட மறுத்துவிடும். அப்போது அவசரப்படாமல் காத்திருப்பதுதான் வழி. ஈரமான உருளையில் டேப் ஒட்டிக்கொண்டால் இரண்டுமே போச்சு. நான் டெக்கையும் டேப்பையும் முதல் நாள் இரவே ஒரே அறையில் வைத்துவிடுவேன். சில டேப்புகளின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுற்றின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தது. பூஞ்சை. அவற்றை டெக்கில் போடவே இல்லை. தனியே ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்துவிட்டேன். ஒரு பூஞ்சை டேப்பை ஓட்டினால் அதற்குப் பிறகு போடும் டேப்புக்கெல்லாம் பரவும்.

நல்ல டேப்புகளையும் நேராக ஓட்டவில்லை. கடைசி வரை ஒரு தடவை சுற்றி, திரும்ப முதலுக்கு வந்து, அப்புறம்தான் பிளே. பல வருஷம் ஒரே நிலையில் கிடந்த டேப்பில் சுற்றின் இறுக்கம் இடத்துக்கு இடம் வேறுபடும், இப்படிச் சுற்றினால் அது சமமாகும்.

டெக்கின் டிஜிட்டல் அவுட்டில் மாட்டும் கேபிளில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. கோஆக்சியல் என்றால் 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மூன்று வண்ணக் கேபிளில் மஞ்சள் முனை இருக்குமே, வீடியோவுக்கானது, அதுவே போதும். ஆப்டிகல் என்றால் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோமா என்று பார்த்துக்கொண்டால் சரி.

இப்போது அந்த 'டிக்'. இதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

டெக்கில் ஒரு கடிகாரம் இருக்கிறது, நொடிக்கு 48,000 என்று எண்ணும் குவார்ட்ஸ் படிகம். டெக்கின் ஒலியை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்ற பெட்டிக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டும் 48,000 என்று சொன்னாலும் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் கூடும், அல்லது குறையும். டெக் ஒரு எண் அதிகம் அனுப்பினால் இன்டர்ஃபேஸ் ஒன்றைக் கீழே போடும். குறைவாக அனுப்பினால் ஒன்றை இரண்டு தடவை எழுதும். அந்த இடத்தில் அலை சட்டென்று ஒரு படி தாவும். அதுதான் 'டிக்'. கடைக்காரர் டேப் மீது போட்ட பழி உண்மையில் சேர வேண்டியது இந்த இரண்டு கடிகாரங்களின் மீதுதான்.

தவில் தனி ஓடும்போது இதைக் கேட்கவே முடியாது. அத்தனை அடிக்குள்ளே ஒரு டிக் எங்கே தெரியும்? சுருதிப் பெட்டி மட்டும் ஒலிக்கும் இடத்தில், இல்லை நாதஸ்வரம் மேல் ஷட்ஜத்தில் நின்று இழைக்கும் இடத்தில், பளிச்சென்று தெரியும். ஆகவே மாற்றிய ஒலியைச் சோதிப்பதென்றால் கச்சேரியில் சூடு பிடித்த இடத்தைக் கேட்காதீர்கள். ஆலாபனை தொடங்கும் முன் எல்லோரும் சுருதி சேர்க்கிற அந்த அரை நிமிடத்தைக் கேளுங்கள்.

மருந்து சின்னதுதான். இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுத் திரையில் கிளாக் எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். அது 'இன்டர்னல்' என்று இருந்தால் 'எஸ்பிடிஃப்', அதாவது டெக்கிலிருந்து வரும் டிஜிட்டல் இணைப்பு, என்று மாற்ற வேண்டும். அதற்குமேல் இன்டர்ஃபேஸ் தன் கடிகாரத்தை ஓரம் கட்டிவிட்டு டெக்கின் கடிகாரத்தைப் பின்பற்றும். 'லாக்' விளக்கு நிலையாக எரிந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். மென்பொருளிலும் 48,000 என்றே வைக்க வேண்டும். இதை விட்டால்தான் முதல் சிடியின் சோம்பல் நாதஸ்வரம் வரும். ஒரே டேப்பில் பாதி 48,000, பாதி 44,100 என்று எடுத்திருப்பவர்களும் உண்டு. மாறும் இடத்தில் லாக் விட்டுப் போகும், அங்கே நிறுத்தி அடுத்த பகுதியைத் தனிக் கோப்பாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இன்டர்ஃபேஸில் பதிவு செய்துகொண்டே லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அங்கே மூன்றாவதாக ஒரு கடிகாரம் வந்துவிடுகிறது. பதிவு சுத்தமாக இருந்தாலும் காதில் டிக் கேட்கும், நீங்கள் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஹெட்ஃபோனை இன்டர்ஃபேஸிலேயே மாட்டுங்கள்.

ஒழுங்கான டிக் போன பிறகு, ஒழுங்கில்லாத சத்தங்கள் மிஞ்சின. எப்போதாவது ஒரு 'கர்ர்', சில மில்லி விநாடி வெட்டு. இது கணினி செய்கிற வேலை. இன்டர்ஃபேஸ் எண்களைக் கொண்டுவந்து பஃபர் என்ற சின்னத் தொட்டியில் கொட்டுகிறது, கணினி அவ்வப்போது வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும். வேறு வேலையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தால் தொட்டி வழிந்துவிடும். பாடுபவர் தன் குரலை ஹெட்ஃபோனில் உடனே கேட்க வேண்டுமென்றால்தான் பஃபரைச் சின்னதாக வைக்க வேண்டும். 48,000-இல் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி விநாடிதான் அவகாசம். நாம் பழைய டேப்பை எடுக்கிறோம், யாரும் காத்திருக்கவில்லை. 1024 அல்லது 2048 என்று தாராளமாக வைக்கலாம். 1024-க்கு 21 மில்லி விநாடி கிடைக்கும்.

அதற்கும் அடங்காத வெட்டு ஒன்று இருந்தது. லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன், எந்த டிரைவர் கணினியை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்று அது காட்டும். என் லேப்டாப்பில் வைஃபை டிரைவர்தான் பட்டியலில் முதலில் நின்றது. வைஃபையை அணைத்தேன், வெட்டு நின்றது. கூடவே யூஎஸ்பி ஹப்பைத் தூக்கி எறிந்துவிட்டு இன்டர்ஃபேஸை நேராக லேப்டாப்பில் மாட்டினேன். மின்சாரம் மிச்சப்படுத்த யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் விண்டோஸ் அமைப்பையும் நிறுத்தினேன். பதிவுக் கோப்பு இணைய மேகத்தோடு ஒத்திசையும் கோப்புறையில் விழக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே அது மேலே ஏற்றப் பார்க்கும்.

மழை வேறு. இங்கே மாலை ஆனால் இடி இடிக்கும், கரண்ட் ஒரு கணம் கண் சிமிட்டும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, டெக்குக்கு இல்லை. டேப் உருளையில் சுற்றியிருக்கும்போது கரண்ட் போவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். அதனால் காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டேன், டெக்கை ஒரு யூபிஎஸ்ஸிலும் போட்டேன்.

பதிவுக்கு ரீப்பர் என்ற மென்பொருளை, இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசும் ஏசியோ டிரைவரோடு பயன்படுத்தினேன். காரணம், விண்டோஸின் சாதாரண வழியில் போனால் நடுவில் அதுவாகவே சாம்பிள் எண்ணிக்கையை மாற்றிவிட வாய்ப்பு உண்டு, நமக்குத் தெரியவும் தெரியாது. 24 பிட்டில் பதிந்தேன். டேப்பில் இருப்பது 16 பிட்தானே, எதற்கு 24 என்று கேட்கலாம். டேப்பின் எண்கள் மாறாமல் வந்தால் கீழ் எட்டு பிட்டும் சுழியமாகவே இருக்க வேண்டும். பிட் மீட்டர் ப்ளக்இன் ஒன்றை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழ் பிட்டுகள் துடித்தால் வழியில் யாரோ ஒலியில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எத்தனை கேட்டாலும் காதுக்குப் பிடிபடாத பிழையை இது ஒரு பார்வையில் காட்டிக் கொடுக்கும்.

சரி, எல்லாம் சுத்தம் என்று எப்படி உறுதி செய்வது? ஒவ்வொரு டேப்பையும் இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு பதிவையும் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, கூர்மையான ஒரு தவில் அடியைத் தேடி, சாம்பிள் புள்ளி புள்ளியாகத் தெரியும்வரை பெரிதாக்கி, இரண்டையும் ஒரே புள்ளியில் நிறுத்தினேன். அப்புறம் ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டினால், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு வெறும் நேர்கோடு மிஞ்ச வேண்டும். இரண்டு மணி நேரக் கச்சேரி முழுக்கக் கோடாகக் கிடப்பதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியே தனி.

கோடு உடையும் இடத்தில்தான் கதை இருக்கிறது. ஒரு இடத்திலிருந்து கடைசி வரைக்கும் கோடு தடித்துப் போனால், அங்கே ஒரு சாம்பிள் நழுவியிருக்கிறது, அதாவது கிளாக் பிரச்சினை. நடுவில் ஒரு துண்டு மட்டும் பொங்கி மறுபடி கோடானால், இரண்டு பதிவில் ஒன்று அங்கே அடி வாங்கியிருக்கிறது. ஒரு தோடி ஆலாபனையில் இப்படி ஒரு சின்ன முள் நின்றது. காதால் கேட்டால் இரண்டிலும் வித்தியாசமே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பதிவில் அலை வளைந்து ஏறி இறங்குகிறது. இரண்டாவதில் அதே இடத்தில் சில சாம்பிளுக்கு மட்டும் அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராகப் போகிறது. டெக்கால் அந்த எண்களை டேப்பிலிருந்து படிக்க முடியவில்லை. பிழைதிருத்தமும் கைகொடுக்காததால், இந்தப் பக்கத்து எண்ணையும் அந்தப் பக்கத்து எண்ணையும் வைத்து நடுவில் ஊகமாக நிரப்பியிருக்கிறது. முதல் பதிவிலிருந்து அந்தத் துண்டை மட்டும் எடுத்து இரண்டாவதில் ஒட்டினேன். எது சரி என்று அலையைப் பார்த்துச் சொல்ல முடியாத இடங்களில் மூன்றாவது முறையும் ஓட்டுவேன். ஒத்துப்போகிற இரண்டுக்குத்தான் ஓட்டு.

இரண்டு பதிவிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சத்தம் இருந்தால், அது டேப்பிலேயே இருப்பது. பத்துமலைக்குப் போகும் தேரின் பின்னால் எடுத்த டேப் ஒன்றில், மல்லாரி நடுவே அலை உச்சியில் முட்டி வெட்டுப்பட்ட வெடிகள் வரிசையாக வந்தன. இரண்டு பதிவிலும் அச்சாக ஒன்று. இது என்ன பழுது என்று அங்கிளைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். ஹெட்ஃபோனைக் காதில் வைத்தவர் சிரித்துவிட்டார்: "பழுதா? தேங்காய் உடைக்கிறாங்க தம்பி!"

இதனால்தான் கிளிக் நீக்கும் கருவிகளை நான் கிட்டவே சேர்ப்பதில்லை. இசைத்தட்டில் கீறலைத் தேடுவதற்காகச் செய்த கருவி அது, சட்டென்று ஏறி இறங்கும் எதையும் கீறல் என்று நினைக்கும். தவில்காரர் வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடுகளால் அடிக்கும் சொல் ஒவ்வொன்றும் அப்படித்தான் ஏறி இறங்கும். இடப்பக்கமான தொப்பியில் விழும் கழி அடியும் அப்படியே, தாளத்தின் 'ணங்'கும் அப்படியே. சோதனைக்கு ஒரு தனியாவர்த்தனத்தில் போட்டுப் பார்த்தேன். டிக் போயிற்று, கூடவே சொற்களின் முனையும் மழுங்கிப் போயிற்று. கூட்டைக் கழற்றிவிட்டு வாசித்த மாதிரி ஒரு தவில். பிழையை அது பிறந்த இடத்திலேயே நிறுத்திவிட்டால் பின்னால் துடைக்கிற வேலையே வராது.

ஒரு சில டேப்புகள் இந்த வழிக்கு வரவில்லை. விடிய விடிய நடந்த கச்சேரியை ஒரே டேப்பில் அடக்க, அங்கிள் எல்பி (லாங் பிளே) முறையில் எடுத்திருந்தார். 32,000 சாம்பிள், 12 பிட். 120 நிமிட டேப்பில் நான்கு மணி நேரம் பிடிக்கும். என் இன்டர்ஃபேஸ் 44,100-க்குக் கீழே இறங்காது, லாக் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. 32,000-ஐ ஏற்கும் பழைய இன்டர்ஃபேஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் டெக்கின் அனலாக் அவுட்டிலிருந்து 24 பிட், 48,000-இல் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அனலாக் என்பதால் கிளாக் சண்டை கிடையாது. ஆனால் லேப்டாப் சார்ஜரை மாட்டியவுடன் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தது, அதைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே ஓட்டினேன். இந்தப் பிரதிகளை இரண்டு முறை எடுத்துக் கழித்துப் பார்க்கும் வேலையும் ஆகாது. ஒவ்வொரு முறையும் எண்கள் கொஞ்சம் மாறும்.

முடித்தவற்றை, ஒரு எண்ணையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் 24 பிட் வேவ் என்றால் 2 ஜிபியைத் தாண்டும். கீழ் எட்டு பிட் வெறும் சுழியம் என்று உறுதியான பிறகு 16 பிட்டாக்கினால் 1.4 ஜிபி. ஃப்ளாக்கில் ஏறக்குறைய அதிலும் பாதி. ஆடாசிட்டியில் 16 பிட்டாக ஏற்றுமதி செய்யும்போது டிதர் என்ற அமைப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எண்களின் மேல் அது மெல்லிய இரைச்சலைத் தூவிவிடும். ஃப்ளாக் கோப்புக்குள்ளேயே ஒலியின் எம்டி5 கையொப்பம் இருப்பதால், பல வருஷம் கழித்தும் கோப்பு கெட்டிருக்கிறதா என்று ஒரே கட்டளையில் பார்க்கலாம். யூடியூபில் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். வாசித்தவர்களின் குடும்பத்தாரைக் கேட்காமல் எதையும் ஏற்றக் கூடாது என்பது அங்கிளின் கட்டளை, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஹார்ட் டிஸ்க்கை அங்கிள் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். அவருக்கு உண்மையில் வேண்டியது காரில் போட ஒரு பென்டிரைவ். அவர் கார் ரேடியோ ஃப்ளாக்கும் படிக்காது, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் தவிர வேறு எதையும் ஏற்காது. எல்லாவற்றையும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றி, ராகம் ராகமாக வெட்டி ஏற்றிக் கொடுத்தேன். தேங்காய் உடையும் இடத்தை மட்டும் வெட்டாமல் விடச் சொன்னார்.